நடத்தைப் பகுப்பாய்வாளர் உரிமம் (டெக்சஸ்)

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நடத்தைப் பகுப்பாய்வை, அதாவது பாராட்டு போன்ற விளைவுகளைக் கொண்டு நடத்தையைப் பழக்கும் முறையை, தொழிலாகச் செய்ய அரசு தரும் அனுமதி. 2017இல் சட்டமாகி, 2018 செப்டம்பர் முதல் கட்டாயமானது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சியிலேயே இத்தொழில் பெரிதும் அறியப்படுகிறது.

உரிமம் தருவது அரசு. தகுதியை அளப்பது பெரும்பாலும் 1998இல் தொடங்கிய தனியார் சான்றிதழ் வாரியம். முதுகலைப் பட்டம், மேற்பார்வையின் கீழ் களப்பணி, தேர்வு மூன்றும் முடித்தவரே அதன் பி.சி.பி.ஏ. (வாரியச் சான்று பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர்) சான்றிதழைப் பெறுவார். சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் போதாது, உரிமமும் வேண்டும் என்பதில் புதியவர்கள் குழம்புவதுண்டு.

விலக்குகளில்தான் சட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. உளவியலாளர் தம் துறை வரம்புக்குள் இம்முறையைக் கையாளலாம். பிள்ளை பல் துலக்க ஒவ்வொரு படிக்கும் பாராட்டிப் பழக்கும் தாய்க்கு உரிமம் தேவையில்லை. பயிற்சி மாணவர்களுக்கும், உரிமம் பெற்றவரின் பொறுப்பில் இயங்கும் உதவிப் பணியாளர்களுக்கும், விலங்குகளைப் பழக்குவோருக்கும் அப்படியே. பள்ளி ஆசிரியருக்கும் விலக்கு உண்டு, பள்ளி வேலையளவில் மட்டும்; மாலையில் வேறொரு வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு அதையே செய்தால் அந்த விலக்கு செல்லாது.