பிணைப்புக் கோட்பாடு

கைக்குழந்தைப் பருவத்தில் தன்னை வளர்ப்பவரோடு ஏற்படும் நெருக்கம், பின்னாளில் ஒருவர் பிறரை நம்புவதையும் நேசிப்பதையும் எப்படிப் பாதிக்கிறது என்று விளக்கும் உளவியல் கோட்பாடு. இதை வகுத்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990).

பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்கிறது என்பதே அக்காலக் கருத்து. பௌல்பி அதை மறுத்தார். பசியைப் போலவே அண்மைக்கான நாட்டமும் பிறவியிலேயே உண்டு என்றார். பெற்றோர் வந்து பார்ப்பதற்கே பிரிட்டிஷ் மருத்துவமனைகள் கடும் கட்டுப்பாடு விதித்திருந்த காலம் அது. பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமியைப் படமெடுத்தார்; அது 1952இல் வெளிவந்தது. அழுகையை அடக்க அவள் படும் பாடு படம் முழுக்கத் தெரிகிறது. வீடு திரும்பும் நாளில் தாயின் கையைப் பிடிக்கக்கூட அவள் மறுத்துவிடுகிறாள். மருத்துவர்கள் பலர் அந்தப் படத்தைக் கண்டு கோபப்பட்டார்கள். எனினும், பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கலாம் என்று 1959இல் அரசுக் குழுவே பரிந்துரைத்தது.

கோட்பாட்டுக்குச் சோதனை வழி ஆதாரம் தேடித் தந்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகக் கவனித்தவர், பிறகு பால்டிமோரில் ஏறத்தாழ 20 நிமிடச் சோதனை ஒன்றை வகுத்தார். தாய் அறையைவிட்டுப் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது தேறுகிறதா என்பதே அதில் முக்கியம்.

வளர்ந்தவர்களை எப்படி அளப்பது? 1980களில் மேரி மெயினும் சகாக்களும் நேர்காணல் முறை ஒன்றை உருவாக்கினர். பெற்றோரோடு இருந்த உறவை ஐந்து சொற்களில் விவரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நினைவைக் கேட்பார்கள். "அம்மா அன்பானவர்" என்றவருக்கு ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வராமல் போகலாம். அடிபட்டு வளர்ந்தவர் அதைத் தெளிவாக, முன்பின் முரணின்றிச் சொல்லவும் கூடும். மதிப்பெண் குழந்தைப் பருவத்துக்கு அல்ல, அதை இன்று சொல்லும் விதத்துக்கே. இக்கோட்பாட்டின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான். உளசிகிச்சைக்கு வழி திறப்பதும் இதுவே: நடந்ததை மாற்ற முடியாது, அதைப் புரிந்துகொள்ளும் விதம் மாறலாம்.

நோயாளி தன் வலியைத் துணிந்து ஆராயத் தேவையான பாதுகாப்பான தளமாகச் சிகிச்சையாளர் இருக்க வேண்டும் என்று 1988இல் பௌல்பி எழுதினார். தாயை மட்டுமே முன்னிறுத்தினார் என்ற விமர்சனம் அவர்மீது உண்டு, அது நியாயமானது. தந்தையரும் பாட்டிமாரும் பிற்கால ஆய்வுகளில்தான் உரிய இடம் பெற்றனர்.

சிகிச்சையால் பிணைப்பு உண்மையில் மாறுமா? 2006இல் வெளியான கென்னத் லெவி குழுவின் அமெரிக்க ஆய்வில், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு மூன்று வகைச் சிகிச்சைகள் ஓராண்டு அளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் மட்டும் பாதுகாப்பான பிணைப்புடையோர், அதாவது மெயினின் நேர்காணலில் தம் குழந்தைப் பருவத்தை முரணின்றிச் சொல்வோர், எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு கூடியது.