அநாதை அலை

கி.பி. 1700, ஜனவரி 27. நள்ளிரவு. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் குவாகசாகி என்றொரு கிராமம். திடீரென்று கடல் ஊருக்குள் வந்தது! அலை பதிமூன்று வீடுகளை வாரிக்கொண்டு போக, கூடவே தீயும் பிடித்து இன்னும் இருபது வீடுகள் சாம்பல். ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள்.

நஷ்டக் கணக்கெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டது. ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. கடல் பொங்கினால் முதலில் பூமி ஆடியிருக்கணுமே? ஆடவே இல்லை! பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'அநாதை சுனாமி'.

அதைப் பெற்றது யார் என்று தெரிய கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் ஆனது. துப்பு கிடைத்தது பசிபிக்கின் எதிர்க்கரையில்!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கோபாலிஸ் ஆற்றங்கரைச் சதுப்பில், செத்துப்போன செடார் மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. அந்தக் கடலோரச் சேற்றை 1980-களில் மண்வெட்டியும் கையுமாகத் தோண்டினார் பிரையன் அட்வாட்டர் என்ற புவியியலாளர். கீழே பழைய புல்தரை. அதன்மேல் கடல் கொண்டுவந்து போட்ட மணல். ஆக, கரை ஒரேயடியாக ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே இறங்கியிருக்கிறது!

எப்படி? அங்கே ஹுவான் டி ஃபூகா என்ற கடல் தட்டு, வட அமெரிக்கக் கண்டத் தட்டோடு மோதுகிறது. கடல் தட்டு கனமான பாறை. அதனால் அடியில் நுழைகிறது. வருஷத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். (நம்ம நகம் வளரும் வேகம்!) ஆனால் வழுக்கிக்கொண்டு போகாமல் இரண்டும் கவ்விக்கொள்கின்றன. கண்டத்தின் விளிம்பு கீழே இழுபட, பின்னாலிருக்கும் கரை புடைக்கிறது. ஒருநாள் பிடி விடும். விளிம்பு துள்ளி எழுந்து கடலைத் தூக்கியெறியும். புடைத்த கரை தொப்பென்று இறங்கும். 2004-ல் நாகப்பட்டினத்துக்கு வந்த அலையும் சுமத்ரா பக்கம் இப்படிக் கிளம்பியதுதான்.

1996-ல் கென்ஜி சடாகே குழுவினர், ஜப்பானிய ஏடுகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். 1700, ஜனவரி 26, இரவு சுமார் ஒன்பது மணி. நிலநடுக்க அளவில் ஒன்பதுக்குப் பக்கம்! அலை சுமார் பத்து மணி நேரத்தில் பசிபிக்கைக் கடந்திருக்கிறது. செடார் மரங்களின் வளையங்களைப் பார்த்தால், கடைசி வளையம் 1699. அச்சாகப் பொருந்தியது.

இதில் வேதனை என்னவென்றால், கனடாவின் பச்சீனா விரிகுடாவில் ஓர் இரவு நிலம் ஆடி, கடல் வந்து, ஒரு கிராமமே போய்விட்டதாக அங்குள்ள பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தேதி மட்டும்தான் அவர்களிடம் இல்லை.

1700-க்குப் பிறகு அந்தத் தட்டு அப்படி முழுசாகப் பிடி விடவே இல்லை. சியாட்டில், போர்ட்லண்ட், வான்கூவர் எல்லாம் அதற்கப்புறம் எழுந்த நகரங்கள்.