ஃபெட்: ஒரு கேமராவின் பெயர்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் குறைந்த விலையில் தேடுவோர் அடிக்கடி வந்துசேரும் பெயர் ஃபெட். சிறு துளைவழியே இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகும்வரை லென்ஸைத் திருகினால் குவியம் அமைந்துவிடும். இவ்வமைப்பைத் தன்னுள்ளேயே கொண்டு 1932இல் வந்தது ஜெர்மனியின் லைக்கா 2. விலையோ எளியோர்க்கு எட்டாதது. அதைப் பார்த்துச் செய்யப்பட்டு, 1934இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் தொடர் உற்பத்திக்கு வந்ததே ஃபெட்.

அதைச் செய்தவர்கள் சிறார்கள். போரும் பஞ்சமும் தெருவில் விட்ட பிள்ளைகளுக்காக 1927இல் அங்கே ஒரு கம்யூன் தொடங்கப்பட்டது. அதை வழிநடத்தியவர் கல்வியாளரும் எழுத்தாளருமான அந்தோன் மகரென்கோ. படிப்போடு பட்டறை வேலையும் அங்கே பாடமாயிற்று. முதலில் மின்துளைக் கருவிகள் செய்தனர், பிறகு கேமரா.

கம்யூனை ஆதரித்தது சோவியத் இரகசியக் காவல்துறை. அதன் முதல் தலைவர் ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ட்ஸெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகளே ஃபெட். எண்ணற்றோரைக் கொன்ற துறை, அநாதைகளுக்குச் சோறும் தொழிலும் தந்தது. இரண்டும் மெய், ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க நமக்கு உரிமையில்லை.

பிற்காலத்தில் பழைய ஃபெட்கள் பலவற்றில் அப்பெயரைத் தேய்த்தழித்து, லைக்கா என்று பொறித்து விற்றனர். வாங்குவோர் ஷட்டர் துணியில் ஓட்டை உண்டா என்று பார்ப்பதுபோலப் பெயரையும் பார்ப்பது நன்று. அங்கே அழிக்கப்பட்டது ஒரு காவல் அதிகாரியின் பெயர் மட்டுமன்று. அந்தப் பிள்ளைகள் விட்டுச்சென்ற ஒரே கையொப்பமும் அதுதான்.