வாச்சாத்தி: வெட்கம் யாருடையது?



தமிழ்ச் செய்தித்தாள்கள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. குற்றம் செய்தவன் அந்தச் சொல்லில் இல்லை. பெண்ணிடமிருந்து ஏதோ அழிந்துபோனது என்கிற தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. இன்று 'பாலியல் வன்கொடுமை' என்கிறோம். இந்த மாற்றத்தில், நீதிமன்றக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்ன ஒடுக்கப்பட்ட பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களில் வாச்சாத்திப் பெண்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது. 90 பெண்களும் 28 குழந்தைகளும் உட்பட 133 பேர் சிறைக்குப் போனார்கள்.

'நடந்த அன்றே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். பேச வேண்டியவர்கள் சிறைக்குள் இருந்தார்கள். புகார் வாங்க வேண்டிய துறையே குற்றத்தில் பங்கு கொண்டிருந்தது. அன்றைய அரசோ அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல்நிலையத்திலேயே வன்கொடுமைக்கு ஆளானாள். மதுரா வழக்கு என்று அதைச் சட்ட நூல்கள் குறிக்கின்றன. உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று காரணம் காட்டி 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அச்சத்தில் உடல் உறைந்துபோகும், குரல் எழும்பாது என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுக்கவில்லை. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தால் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமையில், தனக்குச் சம்மதமில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதையே உண்மையாகக் கொண்டு தொடங்க வேண்டும் என்றாயிற்று. தோற்ற ஒரு வழக்கு பின்னால் வந்த பெண்களுக்குச் சட்டமாக மாறியது.

பாதிப்பு அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. தூக்கம் கெடுகிறது. சீருடையைக் கண்டால் உடல் நடுங்குகிறது. நினைவு துண்டு துண்டாகத்தான் வருகிறது. குறுக்கு விசாரணை செய்பவர் அந்தத் துண்டுகளைப் 'முரண்பாடு' என்கிறார், ஊர் அதைப் 'பொய்' என்கிறது. சாதி அடுக்கின் கீழே நிற்கும் பெண்ணுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. அவள் வாக்குமூலம் நம்பத்தக்கது என்பதையே முதலில் அவள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

வாச்சாத்திப் பெண்கள் அதை நிரூபித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் துணைநின்றன. 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த அனைவரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

கணக்குப் பாருங்கள். 31 ஆண்டுகள். அன்று கைக்குழந்தையோடு நின்றவள் தீர்ப்பைக் கேட்கும்போது பாட்டி. அத்தனை ஆண்டுகளும் ஒரே கொடுமையை மீண்டும் மீண்டும் வாய்விட்டுச் சொன்னார்கள். தாமதம் என்று நாம் எளிதாகச் சொல்வது அவர்கள் உடலில் தொடர்ந்து நடந்த இன்னொரு வன்முறை.

நம் எழுத்துக்கு இதில் வேலை இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காக்க வேண்டும். நடந்ததை மறைக்கக் கூடாது. அவர் சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும், விசாரணை முடியும்வரை கூட நடக்க வேண்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்பதை வாச்சாத்திப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். அதை நம் வீட்டிலும் தெருவிலும் சேர்த்துச் சொல்வது நம் பொறுப்பு.