நஞ்சென ஒதுக்கிய செலினியம்

பௌதிக வகுப்பில் செலினியத்தை ஒளி மின்கலத்தோடு அறிமுகம் செய்கிறோம். ஒளி பட்டால் இதன் மின்தடை குறைவதை 1873-இல் வில்லோபி ஸ்மித் வெளியிட்டார். இதே தனிமம் நம் இரத்தத்திலும் உண்டு என்றால், எங்கள் இண்டூர்ப் பக்கத்து மாணவர்கள் வியக்கிறார்கள்.

1817-இல் பெர்சீலியஸ் கண்டுபிடித்த செலினியம் நெடுங்காலம் நஞ்சாகவே கருதப்பட்டது. எலிகளின் கல்லீரல் அழிவதைச் சிறிதளவு செலினியம் தடுப்பதை 1957-இல் கிளவுஸ் ஷ்வார்ஸ் காட்டினார். அது எவ்வாறு வேலை செய்கிறது? 1973-இல் விடை கிடைத்தது. எலியின் சிவப்பணுக்களிலுள்ள குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதிப் புரதத்தில் செலினியம் இருப்பதை அமெரிக்காவில் ராட்ரக் குழுவினர் நிறுவினர். 1975-இல் யோகேஷ் அவஸ்தி, எர்னஸ்ட் பியூட்லர், சதீஷ் ஸ்ரீவாஸ்தவா ஆகியோர் மனிதச் சிவப்பணுக்களிலிருந்து இப்புரதத்தைப் பிரித்து ஆராய்ந்தனர்.

இப்புரதத்தில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு செலினியம் அணு. உயிரணுக்களில் உண்டாகும் ஹைடிரஜன் பெராக்சைடு மிகுந்தால் அவற்றின் சவ்வு சிதையும். இப்புரதம் அதை நீராக மாற்றிவிடுகிறது.

சீனாவில் செலினியம் குறைந்த மண்ணுள்ள பகுதிகளில் 'கேஷான் நோய்' இதயத் தசையைத் தாக்கிப் பல குழந்தைகளைக் கொன்றது. 1970-களில் சோடியம் செலினைட்டு மாத்திரை கொடுத்தபோது நோய் வெகுவாகக் குறைந்தது.

நம் பஞ்சாபிலோ நிலைமை நேர்மாறு. நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சில ஊர்களின் மண்ணில் செலினியம் மிகுதி. அங்கு விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்ந்தது, குளம்பு வெடித்தது. லூதியானா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 55 மைக்ரோகிராம் போதும். நாள்தோறும் 400 மைக்ரோகிராமைத் தாண்டுவது ஆபத்து. 'சத்து மாத்திரை' என்று நினைத்து மருத்துவரைக் கேளாமல் விழுங்குவோர் இதை மறக்கலாகாது. நஞ்சும் மருந்தும் ஒரே தனிமம்தான். வேறுபாடு அளவில் இருக்கிறது.