மணவாளக்குறிச்சி மணலும் மீசோதோரியமும்
இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மோனசைட் மணல் வெளியுலகுக்குத் தெரிந்தது 1909இல். திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சள்பழுப்பு மணிகளை ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் அடையாளம் கண்டார். அதன்பின் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிப்பு தொடங்கியது. கிராக்கியெல்லாம் அதிலுள்ள தோரியத்துக்குத்தான். தோரியம் நைட்ரேட்டில் துணிவலையை நனைத்து எரித்தால் மிஞ்சும் ஆக்சைடுக் கூடே கேஸ் விளக்கில் வெள்ளொளி வீசும் மேண்டில்.

மருத்துவத்துக்கான பொருளோ மோனசைட்டிலிருந்து தோரியம் எடுத்தபின் எஞ்சும் கழிவில் கிடந்தது. ஓட்டோ ஹான் கண்டறிந்த மீசோதோரியம், அதாவது ரேடியம்-228, புற்றுநோய் சிகிச்சையில் விலைமிக்க ரேடியத்துக்கு மாற்றானது. அரை ஆயுள் ஏறத்தாழ 5.75 ஆண்டுகளே, ரேடியம்-226க்கோ 1,600. மலிவு என்பதே அதன் பலம். கடிகார முகப்பில் ஒளிரும் சாயமாகவும் பூசப்பட்டு, பூசிய பெண்களின் எலும்பை அரித்தது மன்னிக்க முடியாத கொடுமை. அதே தோரிய வரிசையில் பிறக்கும் ஈயம்-212 இப்போது புற்றுநோய் மருந்தாகச் சோதிக்கப்படுகிறது.