நாடியும் கடிகாரமும்

இன்று நம் இல்லங்களில் இளைஞரும் முதியோரும் அணியும் கைக்கடிகாரம் நேரத்தை மட்டும் காட்டுவதில்லை. நாடித் துடிப்பையும், நடந்த அடிகளையும், உறங்கிய பொழுதையும் கணக்கிட்டுச் சொல்கிறது. இதை நேற்று முளைத்த புதுமை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும் மணிக்கட்டைப் பற்றி உடல்நலம் அறியும் கலைக்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நாம் நன்கறிந்த பெயரொன்றும் இடம் பெற்றிருக்கிறது.

புகாராவை அடுத்த சிற்றூரில் பிறந்த இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் நாடிக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கினார். நாடியின் விரிவு, வலிமை, வேகம், இடைவெளி, வெம்மை, ஒழுங்கு, தாளம் முதலான பத்துக் கூறுகளை ஆராயுமாறு மருத்துவருக்கு அவர் வழி வகுத்தார். காதலால் நலிந்தவரிடம் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எப்பெயருக்கு நாடி மாறுகிறது எனக் கண்டறியும் முறையையும் எழுதி வைத்தார். 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக விளங்கியது.

எனினும் துடிப்பை நிமிடக் கணக்கில் எண்ண அன்று கருவி இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, நாடியோடு ஒத்து ஆடும்வரை ஊசற்குண்டின் கயிற்றைக் கூட்டியும் குறைத்தும், அக்கயிற்றின் நீளத்தையே நாடியின் அளவாகக் கொண்டார். 1707-இல் ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ளாயர், ஒரு நிமிடம் மட்டும் ஓடி நிற்கும் கடிகாரத்தைப் பற்றி நூல் வெளியிட்டார். நாடி எண்ணாக மாறியது அக்காலத்தில்தான்.

1940-களின் இறுதியில் அமெரிக்கர் நார்மன் ஹோல்ட்டர், நடமாடும் மனிதரின் இதய மின்னோட்டத்தைப் பதிவு செய்ய முனைந்தபோது, முதுகில் சுமக்க வேண்டிய கருவி சுமார் 38 கிலோ எடை இருந்தது! 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி, நாடித் துடிப்பின் துணையோடு, ஒளியைக் கொண்டு இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் முறையை அறிவித்தார். கொரோனா நாள்களில் நாம் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் அதன் வழிவந்ததே.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒளி தோலை ஊடுருவிச் செல்கிறது. தோலின் நிறமியோ ஒளியை உறிஞ்சுகிறது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் காண்போம். கருவி 92 முதல் 96 விழுக்காடு காட்டிய வேளைகளில், இரத்தத்தையே எடுத்துச் சோதித்தபோது, உண்மையளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் நூற்றுக்குச் சுமார் 4. கறுப்பினத்தவரிடமோ சுமார் 12. கருவி பொய் சொல்ல நினைக்கவில்லை. எல்லா நிறத்தாரையும் போதிய அளவில் வைத்து அதைச் சோதிக்கவில்லை என்பதே குறை. கருநிறமும் மாநிறமும் கொண்ட நமக்கு இது அயலார் செய்தியன்று.

கருவிகளை வெறுக்க வேண்டும் என நாம் கூறவில்லை. உயிர் காத்த கருவிகள் அவை. ஆனால் பத்துக் கூறுகளை நோக்கிய அம்மேதை, ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், "எண் சரியாகத்தானே இருக்கிறது" எனக் காத்திராமல் மருத்துவரை நாடுவோமாக.